பூத்த கள்ளியும் ஒட்டிய பூவும்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் மல்லிகைக்குக் கவாத்து எப்போது என்று எழுதிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் "எதிரே தொட்டியில் கள்ளி பூத்திருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். மல்லிகையை யாரும் சீந்தவில்லை. வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாமே கள்ளியைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தர்மபுரியில் மொட்டை மாடியில் வளர்க்கிறவள், என் கணக்கெல்லாம் இந்த ஊர் வெயிலுக்கான கணக்கு. ஓசூர், தளி பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும், அங்கங்கே சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி போயிருந்தபோது சாலையோரக் கடையில் உருண்டையாக ஒரு சின்னக் கள்ளி வாங்கினேன். உச்சியில் ஆரஞ்சு நிறப் பூ. எட்டு மாதமாகியும் பூ வாடவே இல்லை. மழை வந்தால் மூடிக்கொள்கிறது, வெயிலடித்தால் விரிகிறது. ஆனால் செடி வளரவில்லையே, ஏன்?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டினம்

மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அம்மா, அது கள்ளியின் பூவே இல்லை. காய்ந்த பூ ஒன்றைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள்.

ஸ்ட்ராஃபிளவர் என்று ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு பூ, சாமந்தி குடும்பம். இதழ்கள் செடியில் இருக்கும்போதே வைக்கோல் மாதிரி சரசரவென்றுதான் இருக்கும், பறித்துக் காயவைத்தாலும் நிறம் போகாது. இதில் என்ன கூத்து என்றால், அந்த இதழ் ஈரம் பட்டால் உள்பக்கமாக வளைந்து மூடும், காய்ந்தால் விரியும். அதற்கு உயிர் தேவையில்லை. மழைக்காலத்தில் வீட்டு மரக்கதவு உப்பிக்கொண்டு சாத்த முடியாமல் போகிறதே, அதே சங்கதிதான். நீங்கள் எட்டு மாதமாக "பாவம், மழைக்குப் பயப்படுகிறது" என்று நினைத்திருப்பீர்கள். நானும் ஏமாந்தவள்தான், ஒரு மாதம் முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால் பூவுக்கு அடியில் மெழுகுத்துளி போல ஒன்று உறைந்திருக்கிறது, அதில் இரண்டு முள் மாட்டிக்கொண்டு நிற்கிறது. குளூ கன் பசை.

நிஜப் பூ என்றால் பெரும்பாலும் நட்ட நடு உச்சியில் ஒற்றையாக, அகலத் தட்டு மாதிரி உட்கார்ந்திருக்காது. நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் மாமிலேரியா என்கிற கள்ளி வகையில் உச்சியைச் சுற்றி வளையமாகச் சின்னச் சின்னதாக வரும், பூச்சரத்தை வட்டமாகச் சுற்றி வைத்த மாதிரி. ஒவ்வொரு பூவும் சில நாளில் சுருங்கிவிடும். வாடாத பூ எதுவானாலும் சந்தேகப்படுங்கள்.

செடி ஏன் வளரவில்லை என்றால், உருண்டைக் கள்ளிக்குக் குருத்து உச்சியில்தான் இருக்கிறது, அதன் தலையில் பசையை ஊற்றி மூடிவிட்டார்கள். பிடித்து இழுக்காதீர்கள், குருத்தோடு வந்துவிடும். முதலில் பூவை மட்டும் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். அப்புறம் காது குடையும் பட்ஸில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டு, பசையின் ஓரத்தில் வைத்து வைத்து எடுங்கள், பிடி விட்டுவிடும். முழுவதும் வராவிட்டால் விடுங்கள், அது பக்கத்தில் குட்டி போட்டுப் பிழைத்துக்கொள்ளும். இதே கூட்டம் தொட்டி மேலே வண்ணக் கூழாங்கல்லைப் பாளம் பாளமாக ஒட்டியும் விற்கிறது. அதையும் பெயர்த்தெடுங்கள், தண்ணீர் எங்கே போகிறது, மண் காய்ந்ததா என்று எதுவுமே தெரியாது.

மூன்று வருடமாக நான்கு கள்ளி வைத்திருக்கிறேன். ஹாலில் டிவி பக்கத்தில் அழகாக அடுக்கியிருக்கிறேன். 19 ஆல் (19:19:19 கலவை உரம்), டிஏபி, வாழைப்பழத்தோல் ஊறவைத்த தண்ணீர் எல்லாம் கொடுத்தாயிற்று. ஒரு மொட்டுகூட இல்லை. வேறு என்ன உரம் போடலாம்?
– கடைக்காரர் ஒருவர், தர்மபுரி

எதுவும் போடாதீர்கள் சார். இருக்கிற உரத்தையும் நிறுத்துங்கள்.

உரத்தால் கள்ளி பூக்காது. வெளிச்சத்தாலும், குளிர்காலத்துத் தாகத்தாலும்தான் பூக்கும். உங்கள் வீட்டில் இரண்டுமே இல்லை. டிவி பக்கத்தில் வெளிச்சம் இருப்பதாக நமக்குத் தோன்றும், கண் பழகிக்கொள்கிறது, ஆனால் செடிக்கு அது இருட்டறை. காலை பதினொரு மணிக்குத் தொட்டிக்கு மேலே கையை நீட்டிப் பாருங்கள், நிழல் ஓரம் வெட்டினாற்போல விழுந்தால் பூக்கிற இடம், மங்கலாகக் கலைந்து விழுந்தால் உயிரோடு இருக்கிற இடம், நிழலே இல்லையென்றால் மெதுவாகச் சாகிற இடம். உங்கள் செடிகளின் தலை மட்டும் மெலிந்து வெளிறிப்போய் ஊசியாக நீண்டிருக்கிறதா? அது வளர்ச்சி இல்லை, வெளிச்சத்தைத் தேடுகிறது. அப்படி நீண்ட பகுதி மறுபடி குண்டாகாது.

அதற்காக நாளைக்கே தூக்கிக்கொண்டுபோய் மாடியில் வைத்துவிடாதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன். பச்சை நிழல்வலைக்குக் கீழே வளர்ந்து வந்த செடியை ஒரு சித்திரை மாதத்தில், "பாலைவனத்துச் செடிதானே, வெயில் என்ன செய்துவிடும்" என்று வெறும் தரையில் வைத்தேன். இரண்டே நாளில் ஒரு பக்கம் முழுக்க வெளுத்து, அப்புறம் தோசைக் கருகல் நிறத்தில் தக்கை மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தழும்பு இன்றுவரை மாறவில்லை. விருந்தாளி வந்தால் அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறேன். முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று ஏற்றிக்கொண்டு போங்கள். தினமும் நான்கைந்து மணி நேரம் காலை வெயில் கிடைத்தால் போதும். மார்ச் கடைசியிலிருந்து மே முடியும்வரை நம் ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் கட்டாயம் நிழல்வலை வேண்டும். மெக்சிகோ மேட்டு நிலத்தில் பிறந்ததென்றாலும், அது அங்கே பாறை இடுக்கிலும் புதர் நிழலிலும் வேரைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு வளர்வது. இங்கே அதற்குக் கிடைத்திருப்பது கைப்பிடியளவு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, மாடித் தரைச் சூட்டில் அதில் வேர் வெந்துவிடும். சின்னத் தொட்டிகளைப் பெரிய மண்சட்டி ஒன்றுக்குள் வைத்து, இடைவெளியில் மணலை நிரப்புங்கள். எவ்வளவோ தாங்கும்.

இப்போது தாகத்துக்கு வருவோம். இந்தச் செடிகளின் சொந்த ஊரில் குளிர்காலம் வறண்ட காலம். செடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு ஓய்வெடுக்கும், அந்த ஓய்வு நன்றாக அமைந்தால்தான் வெயில் ஏறும்போது மொட்டு வரும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் தண்ணீரைக் குறைத்து, மார்கழியில் அறவே நிறுத்திவிடுங்கள். பொங்கல் முடிகிறவரை குவளையையே கண்ணில் படாமல் வைத்துவிடுவது நல்லது. செடி கொஞ்சம் சுருங்கும், உயரம் குறைந்த மாதிரிகூட இருக்கும், பதறாதீர்கள். விரலளவு கன்றுகளுக்கு மட்டும் மாதம் ஒரு தடவை லேசாகக் காட்டலாம். தை கடைசியில் ஒரு நல்ல காலை வேளையில், அடியில் வழிகிற அளவு ஒரே தடவை ஊற்றுங்கள். அப்புறம் மாசி, பங்குனியில் தினமும் போய்ப் பாருங்கள், மாமிலேரியாவின் முண்டுகளுக்கு இடையில், பஞ்சுக்குள்ளிருந்து தீக்குச்சி மருந்தைவிடச் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி எட்டிப்பார்க்கும். அது முள்ளா மொட்டா என்று முதல் இரண்டு நாள் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் அது உருண்டிருந்தால் மொட்டு.

மாமிலேரியாவுக்கு இன்னொரு குணம் உண்டு. போன வருடம் வளர்ந்த பகுதியில்தான் இந்த வருடம் பூ வரும். அதனால் உங்கள் செடிகள் வெளிச்சத்துக்கு வந்த முதல் வருடமே பூக்காவிட்டால் என்னைத் திட்டக் கூடாது.

உரம் போட்டே தீரவேண்டும் என்று கை அரித்தால், தக்காளிக்காரர்களும் ஓசூர் ரோஜாக்காரர்களும் சொட்டுநீரில் விடுகிற 0:52:34 என்கிற, தழைச்சத்தே இல்லாத உரம் இருக்கிறதே, அதை லிட்டருக்கு அரை கிராம் கலந்து, மாசியிலிருந்து ஆனிக்குள் இரண்டு அல்லது மூன்று முறை கொடுங்கள். டிஏபி, யூரியா பக்கம் போகவே போகாதீர்கள். தழைச்சத்து ஏறினால் செடி ஊதி, தோல் வெடித்து, அழுகலுக்கு வாசல் திறந்துவிடும்.

இத்தனையும் செய்து பூக்காவிட்டால், செடியே தப்பாக இருக்கலாம். ரெபூட்டியா என்று ஒன்று, படத்தில் பார்த்தால் செடியே தெரியாமல் பூத்திருக்கும். பொலிவியா, அர்ஜென்டினா மலைகளின் செடி அது, தர்மபுரி மே மாதத்தில் பிழைத்திருந்தாலே பெரிது. தளியிலோ ஏற்காட்டிலோ வீடு இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். நமக்கு ஜிம்னோகாலிசியம் நல்லது. புதரடியில் வளர்கிற வகை, அரை நிழலிலும் பூக்கும், கோடை தொடங்கினால் மழைக்காலம்வரை விட்டு விட்டுப் பூத்துக்கொண்டே இருக்கும். மொட்டில் முள்ளே இருக்காது, வழுவழுவென்று செதில் அடுக்கியிருக்கும், விரலால் தடவலாம்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும்? மண் கலவை என்ன? வீடியோக்களில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், போச்சம்பள்ளி. இதையே கேட்ட ஓசூர் அடுக்குமாடி வாசகிகள் மூவர்

ஆளுக்கொன்று சொல்வதில் தப்பில்லை, ஆளுக்கொரு ஊர். நாள் கணக்கை விட்டுவிடுங்கள். தென்னந்துடைப்பத்தில் ஓர் ஈர்க்கை உருவி, தொட்டியின் ஓரமாக அடிவரைக்கும் குத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தாலோ ஈர்க்கு சில்லென்று இருந்தாலோ தண்ணீர் வேண்டாம். சுத்தமாகக் காய்ந்து வந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுத்து ஊற்றுங்கள். இந்தக் கணக்குப்படி என் மாடியில் கோடையில் மண்சட்டிகளுக்கு வாரம் ஒரு முறை வருகிறது, பிளாஸ்டிக்குக்குப் பத்து நாள். ஓசூரில் இதைவிட நிச்சயம் தாமதமாகத்தான் காயும்.

ஊற்றும்போது ஸ்பூன் கணக்கில் தீர்த்தம் கொடுக்காதீர்கள். அடி ஓட்டை வழியாக ஒழுகுகிறவரை ஊற்றி, அப்புறம் மறந்துவிடுங்கள். ஓட்டையே இல்லாத பீங்கான் கப், கண்ணாடிக் குடுவை இதிலெல்லாம் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு முதலில் போய்த் தொட்டியை மாற்றுங்கள். கோடையில் சாயங்காலம் சூடு தணிந்த பிறகு ஊற்றுவது உத்தமம். கள்ளி பகலில் துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில்தான் கரியமிலவாயுவை இழுக்கிறது, அதன் வேலை நேரமே இருட்டிய பிறகுதான்.

தண்ணீர் எது என்பதும் முக்கியம். நம் மாவட்டத்துப் போர் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா, ஃப்ளோரைடு தொல்லைக்காக ஒகேனக்கல்லிலிருந்து குழாய் போட்டுக் குடிநீர் கொண்டுவந்த ஊர். அந்த உப்புத் தண்ணீரைத் தொடர்ந்து விட்டால் தொட்டி விளிம்பிலும் செடியின் அடிப்பகுதியிலும் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும், மண் சுண்ணாம்புத்தன்மை ஏறி வேர் சத்தை எடுக்கத் திணறும். அதற்காகக் குடிநீரை ஊற்றச் சொல்லவில்லை. மழை பெய்யும்போது இரண்டு குடம் பிடித்து மூடி வைத்தால் இருபது தொட்டிக்கு நெடுநாள் வரும். ஏசி இருக்கிற வீட்டில் அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் உப்பில்லாத தண்ணீர்தான்.

மண்ணுக்கு என் கணக்கு இது: கழுவிய மணல் இரண்டு பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ அரைப் பங்கு, ஒரு பிடி அடுப்புக்கரித் தூள். எம்-சாண்ட் போட்டால் அதிலிருக்கிற மாவை நான்கைந்து தண்ணீரில் அலசி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சிமென்ட் மாதிரி இறுகும். கிரானைட் பாலிஷ் பட்டறைக் கழிவு மாவு சும்மா கிடைக்கிறதே என்று சேர்த்துவிடாதீர்கள். நர்சரியிலிருந்து வரும்போது பெரும்பாலும் வெறும் தேங்காய்நார்க் கழிவில் இருக்கும், அது மேலே காய்ந்து உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்து நம்மை ஏமாற்றும், அதனால் வாங்கிய சில வாரத்தில் மாற்றிவிடுங்கள். செய்தித்தாளைப் பட்டையாக மடித்து, செடியின் இடுப்பில் சுற்றிப் பிடித்தால் கையில் முள் ஏறாது. மாற்றிய பிறகு ஒரு வாரம் தண்ணீர் கூடாது, அறுந்த வேர் ஆற வேண்டும்.

ஐப்பசி மழையில் வெளியே இருந்தது. இப்போது அடிப்பகுதி மஞ்சளாகி, தொட்டால் கொழகொழவென்று இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?
– கல்லூரி மாணவி, பென்னாகரம்

மேல்பாதி கெட்டியாக இருந்தால் முடியும் கண்ணு, ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டும். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, கெட்டியாக இருக்கிற இடத்தில் குறுக்கே வெட்டு. வெட்டிய முகத்தை நன்றாகப் பார். வெள்ளரிக்காய் நறுக்கினாற்போல இருக்கும், நடுவில் ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தில் பழுப்பாகவோ செம்பட்டையாகவோ ஒரு பொட்டு இருந்தால்கூட அழுகல் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு சில்லு வெட்டு. திரும்பப் பிளேடைத் துடை. பொட்டே இல்லாத சுத்தமான முகம் வரும்வரை சீவிக்கொண்டே போ, பாவம் பார்த்தால் மொத்தமும் போய்விடும்.

அப்புறம் நிழலில், காற்றோட்டமான இடத்தில், வெட்டுமுகம் தரையில் படாமல் ஒரு காலி டம்ளர் வாயில் உட்காரவைத்துப் பத்துப் பதினைந்து நாள் விட்டுவிடு. முகம் காய்ந்து, உள்ளே குழிந்து, தோல் மாதிரி ஆனதும் காய்ந்த மணல்மேல் வை. புதைக்காதே, உட்காரவை, அவ்வளவுதான். வெள்ளை நூல் மாதிரி வேர் தெரிந்தபிறகு லேசாகத் தண்ணீர் காட்டலாம். பழைய மண்ணைக் கொட்டிவிடு, பழைய தொட்டியைக் கழுவி வெயிலில் காயவை. அடுத்த வருடம் மழை தொடங்கும் முன்பே சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவிடு.

முள்ளுக்கு நடுவில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. துடைத்தாலும் மறுபடி வருகிறது.
– ஒரு வாசகர், பாலக்கோடு

மாவுப்பூச்சி. பப்பாளி, செம்பருத்தியில் பார்த்திருப்பீர்களே, அந்த வகையறாதான். சின்ன பெயின்ட் பிரஷ்ஷில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு பஞ்சாகத் தொட்டு வையுங்கள், தொட்டதும் உள்ளே இருக்கிற பூச்சி இளஞ்சிவப்பாகத் தெரியும், செத்தது என்று அர்த்தம். நான்கைந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை செய்தால்தான் முட்டையிலிருந்து வருகிறதும் அடங்கும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு சேர்த்தும் தெளிக்கலாம், ஆனால் சாயங்காலத்தில் மட்டும். எண்ணெய் மேலே இருக்கும்போது வெயில் பட்டால் செடி வெந்துவிடும். துடைத்தும் துடைத்தும் வருகிறதென்றால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், அங்கேயும் குடியிருக்கும். வேரைக் கழுவி, ஒரு வாரம் காயவைத்துப் புது மண்ணில் வையுங்கள்.

இதே பஞ்சு சப்பாத்திக்கள்ளியில் இருந்தால், ஒன்றை விரலில் வைத்து நசுக்கிப் பாருங்கள். குங்குமம் கரைத்தாற்போலச் சிவப்பு வந்தால் அது வேறு பூச்சி, கொச்சினீல். அதற்கு இந்த மண்ணில் பெரிய கதை உண்டு. துணிக்குச் சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று 1795-ல் கிழக்கிந்தியக் கம்பெனி பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, வந்து சேர்ந்ததோ தரம் குறைந்த இனம். சாயம் தேறவில்லை, ஆனால் அது ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. நம் பக்கம் வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது இன்னொரு வகை, அதை இந்தப் பூச்சி தொடவில்லை. 1926-ல் இலங்கை வழியாக வேறு ஓர் இனத்தைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் தென்னிந்தியாவில் அது அடங்கியது. உங்கள் தொட்டியில் இருப்பது அதன் வாரிசாக இருந்தாலும் இரக்கம் வேண்டாம், ஸ்பிரிட்தான்.

கள்ளி வீட்டில் இருக்கக் கூடாது என்று மாமியார் தொட்டிகளை வெளியே வைத்துவிட்டார். முள்செடி ஆகாது, கள்ளிப்பால் விஷம் என்கிறார். என்ன பதில் சொல்ல?
– ஒரு வாசகி, ஊத்தங்கரை

வெளியே வைத்ததற்கு முதலில் நன்றி சொல்லுங்கள், செடிக்கு அதுதான் நல்லது.

விளையாட்டில்லாமல் சொல்கிறேன், நம் பக்கத்துப் பெரியவர்கள் காதில் கள்ளிப்பால் என்ற சொல் சும்மா விழாது. எத்தனை வீட்டில் எத்தனை பெண் சிசுக்களின் கதை அதில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அவரிடம் வாதாட வேண்டாம், எடுத்துக் காட்டுங்கள். அந்தப் பால் வருகிற சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பம். சங்கப் பாட்டில் வருகிற கள்ளி அதுதான். உங்கள் தொட்டியில் இருக்கும் கேக்டஸ் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு குடும்பம், முள்ளைப் பார்த்து இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம். வித்தியாசம் தெரிய, முள்ளின் அடியைப் பாருங்கள். கேக்டஸில் ஒவ்வொரு முள் கொத்தும் பஞ்சு வைத்த ஒரு சின்னப் பொட்டிலிருந்து கிளம்பும். ஆமணக்குக் குடும்பத்தில் அந்தப் பஞ்சுப் பொட்டு கிடையாது. பால் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், மாமிலேரியாவிலேயே சிலவற்றைக் கீறினால் வெள்ளையாக வரும்.

ஒரு எச்சரிக்கை, வாசலில் சிவப்பாகப் பூக்கிற முள்செடி வைத்திருக்கிறீர்களே, கிறிஸ்து முள் என்பது, அது ஆமணக்குக் குடும்பம்தான். அதை வெட்டும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியார் அதை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், பூ வருகிறதே.

முள்செடி ஆகாது என்பதில் எனக்கும் பாதி சம்மதம். நடைபாதையிலும் குழந்தை தவழ்கிற உயரத்திலும் ஆகவே ஆகாது. முயல்காது என்று விற்கிறார்களே, முள்ளே இல்லாமல் மஞ்சள் பொட்டு வைத்தது போல இருக்கும், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான சுணை. கையில் ஏறினால் தேய்க்காமல், செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தெடுங்கள்.

எங்கள் வீட்டில் பிரம்ம கமலம் ராத்திரி பூத்தது, விளக்கேற்றிக் கும்பிட்டோம். அது கள்ளி வகை என்கிறாள் மகள். உண்மையா?
– ஒரு வாசகி, தேன்கனிக்கோட்டை

மகள் சொல்வது சரி. நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். இலை மாதிரி தட்டையாக இருப்பது இலையல்ல, தண்டு, அதனால்தான் பூ அதன் விளிம்பிலிருந்து வருகிறது. அமெரிக்கக் காடுகளில் மரத்தின் மேல் தொற்றி வாழ்கிற கேக்டஸ் அது. இமயமலையில் பூக்கிற நிஜப் பிரம்ம கமலம் முற்றிலும் வேறு செடி, சாமந்தி உறவு. கும்பிட்டதில் ஒரு குறையும் இல்லை.

நான் மேலே சொன்ன கணக்கு எதுவும் இதற்குப் பொருந்தாது. மரநிழல், மக்கு அதிகமுள்ள மண், காயாத லேசான ஈரம். இதன் சொந்தக்காரன் ஒன்று உண்டு, கிறிஸ்துமஸ் கேக்டஸ் என்பார்கள், பிரேசில் மலைச்செடி, உங்கள் ஊர்க் குளிருக்கு அருமையாக வரும். இரவு நீளும் காலத்தில்தான் மொட்டு வைக்கும், அதனால் கார்த்திகை மாதம் தெருவிளக்கு படாத இடத்தில் வையுங்கள். மொட்டு வந்தபிறகு "இங்கே வைத்தால் எல்லோரும் பார்ப்பார்களே" என்று இடம் மாற்றினால் அத்தனையும் உதிர்ந்துவிடும்.

சிவப்பு உருண்டை வைத்த மூன் கேக்டஸ் வாங்கினேன். உருண்டை வாடி விழுந்துவிட்டது. கீழே இருக்கிற பச்சைத் தண்டு மட்டும் கிளை விடுகிறது. தூக்கி எறியட்டுமா?
– ஒரு வாசகர், பர்கூர்

எறியாதீர்கள், அது டிராகன் பழச்செடி!

மேலே இருந்த சிவப்பு உருண்டை ஜிம்னோகாலிசியத்தில் பச்சையமே இல்லாமல் பிறந்த ஒரு பிறழ்வு. தானாகச் சமைத்துச் சாப்பிடத் தெரியாது, அதனால் டிராகன் பழத் தண்டின் மேல் ஒட்டுக்கட்டி உட்காரவைக்கிறார்கள். கீழே இருப்பது வேகமாக வளர்கிற கொடி, மேலே இருப்பது மெதுவான ஆள், சில வருடத்தில் ஒட்டு விட்டுப்போவது சகஜம். உங்கள் பராமரிப்பில் குறையில்லை. கீழ்த்தண்டைப் பெரிய தொட்டிக்கு மாற்றி ஒரு கல்தூண் காட்டுங்கள், பர்கூரில் கல்தூணுக்கா பஞ்சம். என் அக்கா வீட்டில் இப்படி மிஞ்சிய தண்டு இப்போது மாடிப்படிக் கைப்பிடி முழுக்க ஏறிவிட்டது.

கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தால் கதிர்வீச்சை இழுத்துக்கொள்ளுமாமே?
– காரிமங்கலம்

இழுக்காது. வெளிச்சம் இல்லாமல் அதுதான் இழுத்துக்கொண்டு கிடக்கும்.

கள்ளியில் சிவப்பு மிளகாய் காய்த்திருக்கிறது!
– அரூர், படத்துடன்

படம் அழகு. மாமிலேரியாவின் பழம் அது. பூத்து மாதக்கணக்கில் உள்ளேயே மறைந்திருந்து, திடீரென்று ஒரு நாள் வெளியே நீட்டும். பிதுக்கினால் கடுகைவிடச் சின்ன விதைகள் வரும். ஒரு டிஷ்யூவில் தேய்த்துக் காயவைத்து, ஈர மணல்மேல் தூவி, மேலே மண் போடாமல் பிளாஸ்டிக் உறையால் மூடிவிடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை மணி மணியாக முளைக்கும். பூக்க மூன்று வருடமாவது ஆகும்.

எங்களிடம் எக்கினாப்சிஸ் என்கிற, இரவில் பூக்கும் கள்ளி இருக்கிறது. போன வருடம் மொட்டைப் பார்த்தோம், ஊருக்குப் போய்விட்டு வந்தால் பூ தொங்கிக்கொண்டிருந்தது. எந்த இரவு விரியும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி, தர்மபுரி

உண்டு ஐயா. முதலில் பக்கவாட்டில் சாம்பல் நிறத்தில், எலிக்குட்டி மாதிரி ரோமத்தோடு ஒரு உருண்டை வரும். இரண்டு, மூன்று வாரம் சும்மா இருப்பதுபோல இருக்கும், அப்புறம் நாலைந்து நாளில் விறுவிறுவென்று ஒரு சாணுக்கு நீளும், குழாய் மாதிரி. நீண்டு, முனை மேல்நோக்கி நிமிர்ந்து, நுனி உப்பி, உள்ளே இருக்கிற வெள்ளையோ ரோஸ் நிறமோ பச்சைச் செதில் இடுக்கில் தெரிகிறது என்றால் அன்றைக்குச் சாயங்காலம் எங்கேயும் போகாதீர்கள். இருட்டுகிற நேரத்தில் விரியத் தொடங்கும், வாசனை வரும், அந்துப்பூச்சிகள் வரும். மறுநாள் வெயில் ஏறினால் ஆட்டம் முடிந்தது. போன வருடம் எங்கள் வீட்டில் இது ஒரு கல்யாண வரவேற்பு அன்று விரிந்தது, நான் மட்டும் போகவில்லை. எதற்குப் போகவில்லை என்று இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.